ஸ்பானர் தொடாத நாளில் கீழ்க்கட்டளைக்கு

காசிக்கும் காஷ்மீருக்கும் போய் வந்தவர்கள் அதை எழுதட்டும். நான் செம்பாக்கத்திலிருந்து கீழ்க்கட்டளைக்குப் போய் வந்ததை எழுதுகிறேன். போகும் வழி தாம்பரம், பல்லாவரம் சுற்றிப் பதினாறு கிலோமீட்டர். வரும் வழி மேடவாக்கம் வழியாகப் பத்து கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. இந்தத் தூரத்துக்கு எனக்கு அரை நாள் பிடித்தது. வருஷம் தொண்ணூற்று நான்கு, வியாழக்கிழமை, ஆயுத பூஜை.

போனது என் தங்கை செல்வியைப் பிரசவத்துக்குக் கூட்டி வர. அவளைக் கீழ்க்கட்டளையில் கொடுத்திருந்தோம். வளைகாப்பு முடிந்த கையோடு கூட்டி வந்திருக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து என் காரில் கிளட்ச் கேபிள் அறுந்து போனது. ஆட்டோவில் ஏற்றலாம் என்றதற்கு அவள் மாமியார், எங்கள் சம்பந்தியம்மா, சம்மதிக்கவில்லை. "குண்டும் குழியுமா கீது ரோடு. ஆட்டோல எல்லாம் அனுப்ப மாட்டம் தம்பி. கார் வாங்கிகீறீங்க இல்ல, அதுல வந்து இட்டுகினு போங்க" என்றார். இரண்டாவது தடவை கிளம்பிய அன்று பெட்ரோல் பம்ப் மக்கர் பண்ணி, ராஜகீழ்ப்பாக்கத்தைத் தாண்டவில்லை. இப்போது மூன்றாவது தடவை. சம்பந்தியம்மா பஞ்சாங்கத்தைப் புரட்டி முடித்து வைத்திருந்தார்: மறுநாள் வெள்ளி, வீட்டுப் பெண்ணை வெளியே அனுப்பக் கூடாது. சனிக்கிழமை ஆகவே ஆகாது. ஞாயிற்றுக்கிழமை ஒன்பதாம் மாதம் பிறக்கிறது. ஒன்பது பிறந்த பிறகு ஏரி தாண்டி அனுப்பும் வழக்கம் அவர்கள் வீட்டில் கிடையாது. ஆக, இன்றைக்கு விட்டால் பிரசவம் அங்கேதான்.

முந்தின நாள் செல்வி பக்கத்துத் தெரு எஸ்.டி.டி. பூத்திலிருந்து என் கடைக்கு ஃபோன் செய்தாள். "ண்ணா, எப்படியாவது நாளைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடு. எனக்கு நம்ம வீட்லதான் பெத்துக்கணும்" என்றாள். ஏன் என்று கேட்டேன். "வந்து சொல்றேன்" என்று வைத்துவிட்டாள். கல்யாணத்துக்குப் பிறகு அவள் எதையும் இப்படி அடித்துக் கேட்டவள் இல்லை.

காரைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்கள் ஏரிப் பாசன நிலம் வீட்டுமனைகளாகப் போன பிறகு நான் சேலையூரில் பெயின்ட் கடை வைத்தேன். கடை ஓடியதும் ஒரு கார் ஆசை வந்தது. அப்போது எல்லோரும் வாங்கிக்கொண்டிருந்த, எண்ணூறு சி.சி. எஞ்சின் வைத்த சின்னக் கார்களில் ஒன்றை மூன்று வருஷப் பழசாக வாங்கினேன். விற்றவர் வடக்கே மலைப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். "பெட்ரோல் போட்டால் போதும், ஓடும்" என்றார். ஓடியது, இல்லை என்று சொல்லவில்லை. கிளட்ச் கேபிள் எழுபது ரூபாய், மாட்டக் கூலி முப்பது. பெட்ரோல் பம்ப் இருநூற்று எண்பது. பாயின்ட் செட் நாற்பத்தைந்து, அதை நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். சைலன்சர் துருப்பிடித்து ஓட்டையானதில் அறுநூறு. இந்தக் காரில் எல்லாமே சின்னது, பில் மட்டும் பெரிய கார் அளவுக்கு வரும். வாங்க நினைப்பவர்கள் இதையெல்லாம் குறித்துக்கொள்ளலாம்.

காலை எட்டு மணிக்கு வண்டிக்குப் பூஜை. கழுவித் துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, முன்னால் இரண்டு பக்கமும் வாழைக்கன்று கட்டினோம். என் மனைவி வசந்தி எதையும் அரைகுறையாகச் செய்ய மாட்டாள். எஞ்சினுக்கும் பொட்டு வைக்க வேண்டும் என்று பானெட்டைத் திறக்கச் சொன்னாள். நைலான் நூலில் நெருக்கக் கட்டிய இரண்டு முழம் சாமந்திச் சரத்தை ரேடியேட்டர் மேல் வளைத்துப் போட்டாள். நானும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். எதிர்வீட்டுக்காரர் தம் அம்பாசிடர் எஞ்சினுக்கும் அப்படித்தான் போட்டிருந்தார். டிக்கியிலிருந்த ஜாக்கி, ஸ்பானர், ஸ்க்ரூ டிரைவர் எல்லாம் பூஜை அறைக்குப் போயின. சரஸ்வதிக்கும் சேர்த்துத்தானே பூஜை, புத்தகங்களும் அடுக்கியாயிற்று. காரோடு வந்த விளக்கப் புத்தகத்தைக் கூட அவள் விடவில்லை. மறுநாள் காலை புனர்பூஜை ஆகும் வரை ஆயுதத்தைத் தொடக் கூடாது, புத்தகத்தைப் படிக்கக் கூடாது. நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் நசுக்கிவிட்டுப் பதினொன்றேகாலுக்குக் கிளம்பினேன்.

மேடவாக்கம் சாலைதான் கிட்டம். ஆனால் மழைக்குப் பிறகு அது சாலையாக இல்லை, அதோடு சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு போக முடியாது. அதனால் தாம்பரத்துக்குப் போனேன். ஆப்பிள் ஒரு கிலோ முப்பத்தைந்து, பூவன் ஒரு சீப்பு பன்னிரண்டு, மைசூர்பாகு அரைக் கிலோ நாற்பது. மார்க்கெட் முழுக்கப் பூசணிக்காய் உடைத்துப் போட்டிருந்தார்கள். பேருந்துகளின் நெற்றியில் எல்லாம் மாலை. பத்து லிட்டர் பெட்ரோல் போட்டுக்கொண்டு ஜி.எஸ்.டி. சாலையில் ஏறினேன். சானடோரியம், குரோம்பேட்டை வரை வண்டி ராஜா மாதிரி போனது. ஒரு பாட்டு கூடப் பாடினேன்.

பல்லாவரத்தில் திரும்பினால் ரயில்வே கேட் மூடியிருந்தது. கீழ்க்கட்டளை தண்டவாளத்துக்குக் கிழக்கே இருக்கிறது. மின்சார ரயில் ஒன்று போனது, எதிர்த் திசையில் இன்னொன்று போனது, பிறகு ஒரு எக்ஸ்பிரஸ் நிதானமாகப் போனது. மூன்றாவது ரயிலின்போது வெப்பமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கேட் திறந்தபோது என் பானெட்டுக்கு அடியிலிருந்து இட்லிப் பானையைத் திறந்தாற்போல் ஆவி வந்தது. பின்னால் இருந்தவர்கள் எல்லாம் ஹாரன் அடித்தார்கள். நாலு பேர் சேர்ந்து தள்ளி ஓரம் கட்டினோம். மணி பன்னிரண்டே முக்கால்.

அங்கிருந்து கண்ணுக்கெட்டும் தூரத்தில் மூன்று மெக்கானிக் ஷெட். முதல் ஷெட்டில் ஸ்பானர்களை அளவு வாரியாக வாழையிலையில் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார்கள். என் கையில் ஒரு பொட்டலம் பொரி கொடுத்து, நாளைக்கு வரச் சொன்னார்கள். அடுத்த ஷெட்டில் பொரியோடு சுண்டலும் கொடுத்தார்கள். அங்கே ஒருவர் வண்டிப் பக்கமே வராமல், "கேஸ்கட் பூட்சி சார், ஆயிரத்தி எந்நூறு ஆவும்" என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே கணக்குப் போட்டார். மூன்றாவது ஷெட் தாஸ் என்பவருடையது. அவர் மட்டும் எழுந்து வந்தார்.

"பாக்கறேன் சார். ஆனா ஸ்பானர் தொட மாட்டேன், சொல்லிட்டேன். வெறுங்கையால இன்னா முடியுதோ அதான்" என்றார்.

முதலில் அவர் தண்ணீர் பம்ப் என்றார். பிறகு அது இல்லை, தெர்மோஸ்டாட் என்றார். கடைசியில் குனிந்து எட்டிப் பார்த்தவர் கையை உள்ளே விட்டு, கருகிய சாமந்தியை வெளியே எடுத்தார். தொடர்ந்து நூல் வந்தது. முழம் முழமாக வந்தது.

"இன்னா சார் இது, ரேடியேட்டர் ஃபேனுக்கு மாலை போட்டு கல்யாணம் பண்ணிகீறீங்க?"

"ஃபேனுக்கு இல்லப்பா, எஞ்சினுக்குத்தான் போட்டோம். அம்பாசிடருக்கும் இப்படித்தானே போடறாங்க?"

"அதுல ஃபேன் பெல்ட்ல சுத்தும் சார். ஸ்டார்ட் பண்ண உடனே பூவை விசிறிப் போட்டுடும். இதுல கரண்ட் ஃபேன். சூடு ஏறினாத்தான் சுத்தும். அதுவரைக்கும் சும்மா இருக்கும், சரம் நைஸா உள்ள எறங்கி சுத்திக்கும்."

நூல் சுற்றிய இறுக்கத்தில் சுழல முடியாமல் மோட்டார் எரிந்து போயிருந்தது. மோந்து பார்த்தாலே தெரிந்தது. ஒரிஜினல் மோட்டார் தொள்ளாயிரத்து ஐம்பது, புதுப்பேட்டையில் பழசு முந்நூற்று ஐம்பதுக்குக் கிடைக்கும், ஆனால் இன்றைக்கு எந்தக் கடையும் திறந்திருக்காது என்றார் தாஸ். வெள்ளிக்கிழமையாக இருந்தால் பல்லாவரம் சந்தையில் பழைய சாமான் விற்பவர்களிடம் தேடியிருக்கலாம், அதற்கும் வழியில்லை. மறுநாள் ஆன செலவை இங்கேயே சொல்லிவிடுகிறேன்: புது மோட்டார், ஃபியூஸ், கூலி எல்லாம் சேர்த்து ஆயிரத்து எழுபது.

எஞ்சின் ஆறிய பிறகு இரண்டு வாளி தண்ணீர் ஊற்றினோம். வாழைக்கன்றுகளையும் அவிழ்த்துப் போட்டார், அவை வேறு காற்றை மறித்துக்கொண்டிருந்தன. "ஓடிகினே இருந்தா எதிர்க்காத்துல சமாளிக்கும் சார். நின்னா கொதிக்கும், மெதுவா போனாலும் கொதிக்கும். இன்னொருவாட்டி கொதிச்சுதுன்னா எஞ்சின் ஹெட்டு வளைஞ்சிடும், நாலாயிரத்துக்கு வேட்டு. திரும்பறப்போ இந்த கேட் பக்கமே வராதீங்க" என்றார். பணம் கொடுத்தேன், வாங்கவில்லை. ஆயுதம் தொடாததால் கூலி கிடையாதாம். ஆனால் மூன்றாவது பொரிப் பொட்டலத்தைக் கட்டாயப்படுத்திக் கொடுத்தார்.

இரண்டு மணிக்குக் கீழ்க்கட்டளை. மாப்பிள்ளை வேலை செய்யும் கம்பெனியில் பூஜை என்று போயிருந்தார். சம்பந்தியம்மா இலை போட்டு உட்கார வைத்தார். வடை, பாயசம், இரண்டு பொரியல். எனக்கு எதுவும் இறங்கவில்லை. ராகு காலம் மூன்று மணி வரை இருந்ததால் அதுவரை கிளம்பும் பேச்சில்லை. செல்வி முகம் கொஞ்சம் வீங்கியிருந்தது. கூடத்தில் பெட்டியோடு தயாராக உட்கார்ந்திருந்தாள். காலையிலிருந்தே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள் என்று பார்த்தாலே தெரிந்தது.

சம்பந்தியம்மா வாசலுக்குப் போய் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார். "தம்பி, வண்டியும் ஆயுதம்தானே? அத மட்டும் ஓட்டலாமா?" என்று ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். பூஜை முடிந்து எலுமிச்சம்பழம் நசுக்கினால் ஓட்டலாம் என்று என் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். தலையாட்டினார். பிறகு, "வழில எங்கனா நின்னுச்சுன்னா ஆட்டோல மாத்தி ஏத்தக் கூடாது. இங்கியே திருப்பி இட்டுகினு வந்துடணும். இன்னா, சரியா? புள்ளத்தாச்சி பொண்ணு, எனக்கு ராத்திரி தூக்கம் வராது" என்றார். அவர் கெட்டவர் இல்லை. உண்மையாகவே பயந்தார்.

அவர் உள்ளே போனதும் செல்வியிடம் மெதுவாக விஷயத்தைச் சொன்னேன். ஃபேன் எரிந்துவிட்டது. வேகமாகப் போனால்தான் எஞ்சின் தாங்கும். மேடவாக்கம் ரோட்டில் வேகமாகப் போனால் நீ தாங்க மாட்டாய். இன்றைக்கு விட்டுவிடலாமா?

"அத்தகிட்ட சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லாத. கெளம்பு."

மூன்று பத்துக்குக் கிளம்பினோம். கோவிலம்பாக்கம் வரை நல்ல சாலை, முள் நடுவில் நின்றது. அதற்கப்புறம் சாலையில் குழி இருந்ததா, குழிகளுக்கு நடுவில் சாலை இருந்ததா என்று சொல்வது கஷ்டம். முதல் கியர், இரண்டாவது கியர், மறுபடி முதல் கியர். ஒவ்வொரு குழியிலும் செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். கொஞ்சம் வேகம் பிடித்தால் அவள் பல்லைக் கடித்தாள், வேகத்தைக் குறைத்தால் முள் ஏறியது. என் ஒரு கண் அவள்மேலும் ஒரு கண் முள்மேலும் இருந்தது, சாலையைப் பார்க்க ஆளில்லை. அவளுக்குக் காற்று வரட்டும் என்று டாஷ்போர்டிலிருந்து உள்ளே ஊதும் இன்னொரு ஃபேனை முழுதாகத் திருகி வைத்திருந்தேன்.

மேடவாக்கத்துக்கு ஒரு கிலோமீட்டர் இருக்கும்போது முள் சிவப்புக்கு ஒரு நூல் கீழே நின்றது. அந்த இடத்தில் தண்ணீர் தேங்கிய பெரிய குழி ஒன்று. வண்டி இறங்கியதும் செல்வி பிடிமானத்துக்கு டாஷ்போர்டில் கை வைத்தாள். அங்கே நீலமும் சிவப்புமாகக் கோடு போட்ட ஒரு சின்ன லீவர் உண்டு, வாங்கிய நாளாக நான் தொட்டதில்லை. அவள் கை பட்டு அது நீலத்திலிருந்து சிவப்புக் கோடிக்கு நகர்ந்தது.

"ண்ணா, கால் சுடுது! நெருப்புண்ணா!"

உள்ளே அனல் அடித்தது. எஞ்சின் தீப்பிடித்துவிட்டது என்றே நினைத்து பிரேக்கில் கால் வைத்தேன். அப்போது முள் கண்ணில் பட்டது. இறங்கிக்கொண்டிருந்தது. நான் பார்க்கப் பார்க்க, கொஞ்சம் கொஞ்சமாக, நடுக்கோட்டுக்கு வந்து சேர்ந்தது.

அது ஹீட்டர். மலைநாட்டுக் குளிருக்காக வைத்த வசதி. கொதிக்கிற எஞ்சின் தண்ணீரை ஒரு சின்னக் குழாய் வழியாக உள்ளே கொண்டுவந்து, அதன் சூட்டை நம் மேல் ஊதும். எஞ்சினின் சூடு குறைய வேண்டுமென்றால் அந்தச் சூட்டை யாராவது வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விளக்கப் புத்தகத்தில் இருந்திருக்கும். புத்தகம் சரஸ்வதியிடம் இருந்தது.

"இதை மூடினா முள்ளு ஏறும் செல்வி. திறந்து வச்சா மெதுவாவே போகலாம். ஆனா இந்த அனல்ல நீ எப்படி..."

"குலுக்கல்தாண்ணா எனக்கு பயம். சூடு பரவால்ல. நீ மெதுவா ஓட்டு."

நாலு கண்ணாடியையும் இறக்கினோம். சீசாவிலிருந்த தண்ணீரில் துண்டை நனைத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். மேடவாக்கம் கூட்டு ரோட்டில் பக்கத்தில் நின்ற பேருந்திலிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "இன்னா சார், வண்டிக்குள்ள குளிப்பாட்டறியா?" என்றார். நான் சட்டையைக் கழற்றிவிட்டு பனியனோடு ஓட்டிக்கொண்டிருந்தேன். வேங்கைவாசலில் வண்டி நடக்கிற வேகத்தில் போனது. மாடுகள் எங்களைத் தாண்டிப் போயின. முள் அசையவில்லை.

சந்தோஷபுரம் தாண்டியதும் கேட்டேன். "ஏன் செல்வி, அங்க யாராவது ஏதாவது சொன்னாங்களா?"

"சேச்சே. யாரும் ஒரு சொல் சொன்னதில்லண்ணா. அத்த என்னை உக்கார வச்சு சோறு போடறாங்க." துண்டால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள். "அதனாலதான். எனக்கு முதுகு வலிச்சாலும் 'பரவால்ல அத்த'ன்னு சொல்றேன். தூக்கம் வரலன்னாலும் 'பரவால்ல அத்த'. எட்டு மாசமா ஒருத்தர் மேலயும் எரிஞ்சு விழல. எனக்கே என்னைப் பாத்தா பாவமா இருக்கு. பிரசவ வலில கூட 'பரவால்ல அத்த'ன்னு எப்படிண்ணா சொல்லுவேன்?"

எங்கள் வீட்டில் இவள் சத்தம் ஏரிக்கரை வரை கேட்கும் என்று சொல்லிச் சிரித்த காலம் உண்டு. கல்யாணத்துக்குப் பிறகு பதவிசாகிவிட்டாள் என்று நாங்கள் எல்லோரும் பெருமைப்பட்டோம். ஒருவரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கௌரிவாக்கம் வரை அவள் கண்ணை மூடிக்கொண்டு அந்த அனலில் உட்கார்ந்து வந்தாள்.

நாலரை மணிக்குச் செம்பாக்கம். பத்து கிலோமீட்டருக்கு ஒரு மணி இருபது நிமிஷம். எங்கள் தெருவில் திரும்பி, வீட்டு வாசலில் நிறுத்தினேன். எஞ்சினை அணைத்த பிறகும் வண்டிக்குள் சூடு போகவில்லை. அம்மா ஆரத்தித் தட்டோடு ஓடி வந்தாள், பின்னால் வசந்தி. செல்வி கதவைத் திறந்து காலைத் தரையில் ஊன்றினாள். தலையிலிருந்து கால் வரை நனைந்திருந்தாள், முகம் செக்கச் சிவந்திருந்தது.

"என்னடி இது கோலம்? ஏண்டி இப்படி வேர்த்திருக்கு?" என்றாள் அம்மா.

"அப்புறம் வேர்க்காம குளுருமா? பாத்துட்டே நிக்கிறியே, மொதல்ல தண்ணி குடும்மா! முதுகு உடைஞ்சு போச்சு, காலு வெந்து போச்சு, இவனும் இவன் காரும்! இதுல யாராவது மனுஷன் ஏறுவானா? தட்டைக் கீழ வைம்மா, கையைக் குடு! அம்மா, வலிக்குதும்மா!"

எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. அம்மா தட்டைக் கீழே வைத்தாள். பயந்து போய் என்னைப் பார்த்தாள்.

"கத்தட்டும்மா" என்றேன்.